ஒரு பக்கம் இழுக்கும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு டிஜிட்டல் கேம்பர் மானியும்

நேரான சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது ஒரு தோள் மட்டும் கடுக்கிறது என்றால், கார் இழுக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. என்னிடம் இருப்பது இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கர இயக்கம், முன்னும் பின்னும் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், முன்டயரைவிடப் பின்டயர் அகலமானது. முன்டயர்கள் இரண்டையும் புதிதாக மாற்றிய அதே வாரத்தில் இடது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கி ஏறியது. அதன்பின் கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. டயரா, பள்ளமா என்ற கேள்விக்கு விடை தேடிய அலைச்சலில்தான், சக்கரக் கோணங்களை வீட்டிலேயே அளக்கும் இந்தக் கருவிப் பெட்டியை வாங்கினேன். ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் இருப்பவை அதிகமில்லை. சக்கரத்தின் சாய்வுக் கோணத்தை 0.1 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் கேம்பர் மானி ஒன்று, அதை ரிம்மின் விளிம்பில் மூன்று முனைகளால் தாங்கி நிறுத்தும் சட்டம் ஒன்று, ரப்பர் பட்டைகள், டோவை (மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ நிற்கும் அளவை) அளப்பதற்கான இரண்டு அலுமினியத் தகடுகள், இரண்டு அளவு நாடாக்கள், எழுத்து பொடிப்பொடியாக அச்சான ஒற்றைத்தாள் செய்முறை விளக்கம். இதே அமைப்பு பல பெயர்களில் விற்கிறது என்பதால் பெயரைவிட அமைப்பைப் பற்றிப் பேசுவதே பயன் தரும் என்று நினைக்கிறேன்.

வாங்கும் முன் நடந்ததைச் சொல்லாமல் இதன் மதிப்பைச் சொல்ல முடியாது. முதலில் ஒரு வீல் அலைன்மென்ட் நிலையத்துக்குப் போனேன். முன்சக்கரங்களின் டோவைத் திருத்தி, எல்லாக் கட்டமும் பச்சையாக இருந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். இழுப்பு அப்படியே இருந்தது. முன்டோ தவறினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயரின் ஓரம் வேகமாகத் தேயும். ஆனால் இரு முன்சக்கரங்களும் அந்தத் தவறைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதால் கார் ஒரு பக்கம் இழுப்பதற்கு அது காரணமாவது அரிது. திரும்பிப் போய்க் கேட்டபோது, “சாலைச் சரிவு சார், எல்லா வண்டியும் அப்படித்தான்” என்றார் அங்கிருந்த மெக்கானிக். மழைநீர் வடிய வேண்டும் என்பதற்காகச் சாலைகளை நடுவில் உயர்த்தி ஓரங்களில் 100-க்கு 2 என்ற அளவில் தாழ்த்துவதும், அந்தச் சரிவின் பக்கம் எந்தக் காரும் மெல்ல நகர்வதும் உண்மைதான். ஆனால் என் கார் வலப்பக்கம் சரியும் சாலையிலும் இடப்பக்கமே போனது. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அடுத்து டயர் கடை. முன்டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்த்தால் இழுப்பு திசை மாறுகிறதா என்று தெரிந்துவிடும் என்பது இந்தத் தொழிலில் பழைய சோதனை. ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை தயாரிப்பின்போது சற்றே ஒரு பக்கம் தள்ளி அமைந்துவிட்டால், அந்த டயர் பார்வைக்கு உருளையாக இருந்தாலும் சாலையில் ஒரு கூம்பைப் போல நடந்துகொள்ளும். மேசையில் ஒரு காகிதக் குவளையைப் படுக்கவைத்து உருட்டினால் அது குறுகிய முனையின் பக்கம் வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இதைக் கோனிசிட்டி என்பார்கள். என் டயர்கள் வி வடிவக் கோடுகள் கொண்டவை, ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று பக்கவாட்டில் அம்புக்குறி உள்ளவை. அதனால் டயர் கடையில் அவற்றை ரிம்மிலிருந்து கழற்றி, அம்புக்குறி சரியாக வரும்படி புரட்டி மாட்டி, இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் பொருத்தினார்கள். இழுப்பு துளியும் மாறவில்லை, இடப்பக்கமே இழுத்தது. அப்படியானால் டயரில் குற்றமில்லை, பள்ளத்தில் இறங்கியபோது சஸ்பென்ஷனில்தான் ஏதோ வளைந்திருக்கிறது என்று கடைக்காரர் முடிவு சொன்னார், நானும் நம்பினேன். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சஸ்பென்ஷன் கோணங்களில் இழுப்புக்குப் பொறுப்பேற்கக் கூடியவை முக்கியமாக இரண்டு. சக்கரத்தின் மேல்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருப்பது கேம்பர். வெளிநோக்கிய சாய்வு எந்தப் பக்கம் அதிகமோ, அதாவது கேம்பர் எந்தப் பக்கம் கூடுதல் பாசிட்டிவாக இருக்கிறதோ, அந்தப் பக்கம் கார் இழுக்கும். சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது காஸ்டர். அது எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். இரு பக்கங்களுக்கும் இடையிலான வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் கையில் உணரும் அளவுக்கு இழுப்பு வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிலையம் கொடுத்த தாளில் காஸ்டர் என்ற கட்டமே இல்லை. அதை அளக்க ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்ப வேண்டும், அதற்கு நேரம் ஆகும் என்பதால் விட்டுவிட்டார்கள் போலும். அந்த விடுபட்ட கட்டத்துக்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

முதல் நாள் அளவீடு என்னை ஏமாற்றியது, அதில் கருவியின் குற்றம் பாதி, என் குற்றம் பாதி. காரை நிறுத்தும் இடத்திலேயே வைத்து அளந்தபோது இடது முன்சக்கரம் −1.1, வலது −1.4 என்று காட்டியது (கழித்தல் குறி என்றால் உள்நோக்கிய சாய்வு, அதாவது நெகட்டிவ் கேம்பர்). இடப்பக்கம் 0.3 டிகிரி கூடுதல் பாசிட்டிவ், இழுப்பும் இடப்பக்கம். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஸ்பேனரை எடுத்து, சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்மில் இருக்கும் எக்சென்ட்ரிக் போல்ட்டில், அதாவது திருப்பினால் கோணத்தை மாற்றும் மையம் விலகிய போல்ட்டில், வைக்கப்போன நேரத்தில், முந்தைய நாள் கார் கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பது நினைவுக்கு வந்தது. கார் நிறுத்தும் தரையைத் தண்ணீர் வடிவதற்கென்றே சரித்துத்தான் போட்டிருப்பார்கள். கட்டடவேலையில் பயன்படும் டியூப் லெவலை, அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை, இரு சக்கரங்களின் அடியிலும் பிடித்துப் பார்த்தேன். இடச்சக்கரம் நின்ற இடம் 5 மில்லிமீட்டர் தாழ்வு. இரு சக்கரங்களுக்கு இடையே 1400 மில்லிமீட்டர் என்று கொண்டால் அது 0.2 டிகிரி சாய்வு. ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் காட்டுவதால் வித்தியாசத்தில் 0.4 டிகிரி பொய் சேர்ந்துவிடுகிறது. தாழ்ந்த பக்கத்தில் தகடு வைத்து உயர்த்தி மறுபடி அளந்தபோது இடது −1.3, வலது −1.2 என்று வந்தது. நான் திருத்தக் கிளம்பியது தரையின் சரிவை!

தரையில் நேர்ச்சட்டம் வைத்து அதன்மேல் மானியைப் பூஜ்யமாக்கிவிட்டு அளந்தால் இந்தப் பொய் தானே நீங்கிவிடும். அந்த வசதி இந்த மானியில் இருக்கிறது. ஆனால் செய்முறைத் தாளில் அதற்கு ஒரே ஒரு வரிதான், அதுவும் கடைசியில். இன்னொரு குறை, மானி சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடுகிறது, அணைந்தால் பூஜ்யமாக்கியதையும் மறந்துவிடுகிறது. ஒரு பக்கம் அளந்துவிட்டு மறுபக்கம் நடந்துபோய்ச் சட்டத்தைப் பொருத்துவதற்குள் இரண்டு முறை அப்படி ஆனது. எண் மாறியது தெரியாமல் குறித்துக்கொண்டவர்கள் எத்தனை பேரோ.

ரிம் விஷயத்தில் பெட்டி நன்றாகவே யோசித்திருக்கிறது. மானியின் பின்புறக் காந்தம் எஃகு ரிம்முக்கு மட்டும்தான் ஒட்டும், ஸ்போர்ட்ஸ் கார்களில் எங்கும் அலாய் ரிம் என்பதால் காந்தம் மட்டும் தரும் மலிவான மானிகள் இங்கே பயனற்றவை. மூன்று முனைச் சட்டம் விளிம்பில் உறுதியாக நிற்கிறது, முனைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி இருப்பதால் கீறலும் விழவில்லை. பள்ளத்தில் இறங்கிய ரிம் லேசாக வளைந்திருக்கலாம் என்பதால் ஒருமுறை அளந்துவிட்டு, காரைச் சக்கரத்தின் அரைச்சுற்று தூரம் தள்ளி மறுபடி அளந்து சராசரி எடுத்தேன். என் இடது ரிம்மில் இரண்டு அளவுகளுக்கும் இடையே 0.1 மட்டுமே வித்தியாசம். பள்ளம் பயமுறுத்திய அளவுக்கு ரிம்மை வளைக்கவில்லை.

காஸ்டர் அளப்பதுதான் இந்தப் பெட்டியின் மிகப் பெரிய வாக்குறுதி, மிகப் பெரிய குறையும் அங்கேதான். சக்கரத்தை 20 டிகிரி உள்ளேயும் 20 டிகிரி வெளியேயும் திருப்பி, இரண்டு நிலைகளிலும் கேம்பரைக் குறித்து, வித்தியாசத்தை ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும். கணக்கை மானியே போட்டுக் கொடுக்கிறது. ஆனால் தரையில் நிற்கும் டயரைத் திருப்பும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு அளவைக் கெடுக்கும். அதைத் தவிர்க்கச் சக்கரத்தின் அடியில் சுழலும் தட்டுகள் வேண்டும். அவை பெட்டியில் இல்லை, அது பற்றிய எச்சரிக்கையும் இல்லை. தரைக்கு ஒட்டும் வழவழப்பான வினைல் ஓடுகளில் நான்கை எடுத்து, இரண்டிரண்டாக, நடுவில் கிரீஸ் தடவி அடுக்கி, அதன்மேல் முன்சக்கரங்களை ஏற்றினேன். கூடவே பிரேக் மிதியை ஒரு கட்டையால் அழுத்தி வைத்தேன், இல்லாவிட்டால் திருப்பும்போது சக்கரம் உருண்டுவிடும். 20 டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கும் தாளில் வழியில்லை. பாகைமானியை அட்டையில் பெரிதாக வரைந்து தரையில் ஒட்டிக்கொண்டேன். என் எடைக்குச் சமமாக ஓட்டுநர் இருக்கையில் 70 கிலோ மணல் மூட்டைகளை வைத்தேன். எடை குறைந்த, விறைப்பான சஸ்பென்ஷன் கொண்ட இரண்டு இருக்கைக் காரில் ஓட்டுபவரின் எடை ஒரு பக்கம் அமர்வதே கோணங்களைச் சற்று நகர்த்தும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது.

மூன்று முறை அளந்து கிடைத்த சராசரி: இடது 5.6, வலது 5.8. காஸ்டர் இடப்பக்கம் 0.2 குறைவு, அது இடப்பக்கம் சற்றே இழுக்கும். கேம்பர் வலப்பக்கம் 0.1 கூடுதல் பாசிட்டிவ், அது வலப்பக்கம் சற்றே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட விழுங்கிவிடும். 0.1 டிகிரி காட்டும் மானி உண்மையில் 0.2 டிகிரிக்குள் சரியாக இருந்தாலே நல்லது என்பதால், இந்த எண்களை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் காரை அவ்வளவு பலமாக இழுக்கக் கூடிய ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருந்திருந்தால் இந்த மானிக்குத் தப்பியிருக்காது. ஆக, சஸ்பென்ஷன் வளையவில்லை.

பிரேக் மீது சந்தேகம் வராமல் இல்லை. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசிகள் இறுகி, மிதியை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் கார் நிற்காமல் இழுக்கும். பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் இரு முன் டிஸ்க்குகளையும் பார்த்தேன்; 52, 55 டிகிரி செல்சியஸ். அதோடு அந்தச் சந்தேகம் முடிந்தது. காற்றழுத்தம் இரு பக்கமும் சமம் என்பதை முதல் நாளே பார்த்திருந்தேன். அதைப் பார்க்காமல் வேறெதையும் அளப்பது வீண் வேலை. பின்சக்கரங்களின் திசை காரின் நடுக்கோட்டுக்கு விலகியிருந்தால் ஸ்டியரிங் கோணலாகவும் கார் சற்றே குறுக்காகவும் ஓடும், என் ஸ்டியரிங் நேராக இருந்தது.

எல்லாக் கதவுகளும் மூடிய பிறகு, ஏற்கெனவே மூடப்பட்ட ஒரு கதவைத் திரும்பத் தட்ட வேண்டியதாயிற்று. டயர் கடையில் என்ன செய்தார்கள் என்பதைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். இடது டயரை ரிம்மோடு சேர்த்து வலப்பக்கம் மாட்டினால், வெளியே பார்த்த முகம் வெளியேதான் பார்க்கும். இடப்பக்கம் இருந்தபோது இடத்தை நோக்கித் தள்ளிய கூம்பு, வலப்பக்கம் போனதும் வலத்தை நோக்கித் தள்ளும். இழுப்பு திசை மாறும், குற்றவாளி தெரிந்துவிடும். ஆனால் சுழலும் திசைக்காக டயரை ரிம்மில் புரட்டி மாட்டினால் வெளியே பார்த்த முகம் இப்போது உள்ளே பார்க்கிறது. அதாவது டயர் திரும்பவே இல்லை. நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் நகர்ந்து மறுபக்கம் போய் நின்றது போலத்தான். அதன் கூம்பு முன்பு எந்தத் திசையைப் பார்த்ததோ அதே திசையைத்தான் இப்போதும் பார்க்கிறது. முன் அச்சில் எந்த மூலையில் இருந்தாலும் அது காரை இடப்பக்கமே தள்ளும். இழுப்பு மாறாதது டயர் நல்லது என்பதற்குச் சான்றே அல்ல. அந்தச் சோதனையால் எதையும் சொல்ல முடியாது. திசைக்குறி உள்ள டயர்களை வைத்திருப்பவர்கள், அவை பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள்தான், இந்தக் குழியில் விழுவது மிக எளிது. என் காரில் முன்டயரும் பின்டயரும் வேறு அளவு என்பதால், ஒரே பக்கத்தில் முன்பின் மாற்றிப் பார்க்கும் சுலபமான வழியும் இல்லை.

ஒரு காய்ந்த காலையில், போக்குவரத்து இல்லாத சாலையில், முன்சக்கரங்களை ரிம்மோடு அப்படியே இடம் வலம் மாற்றி, அம்புக்குறி தலைகீழாக இருக்க மிதமான வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினேன். ஈரத்தில் இதைச் செய்யக் கூடாது; தலைகீழாகச் சுழலும் வி கோடுகள் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குப் பதில் நடுவில் சேர்க்கும். கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், பிடியை மட்டும் தளர்த்தி, விரல்களால் தொட்டபடி வைத்திருந்தேன். கார் வலப்பக்கம் போனது. பல வாரம் இடப்பக்கம் இழுத்த கார் அத்தனை தெளிவாக வலப்பக்கம் போனபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. முன்டயர்கள் இரண்டையும் வேறு ஜோடியாக மாற்றியதும் இழுப்பு போய்விட்டது.

ஒரு டயர் கடையில் பக்கவாட்டு விசையையும் அளக்கும் பேலன்ஸிங் எந்திரம் இருந்தால் இதே விடை சில நிமிடங்களில் கிடைத்திருக்கும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் முதலில் அங்கே போங்கள். அகலமான, பக்கச்சுவர் தாழ்ந்த டயரும், வேண்டுமென்றே கூட்டிய நெகட்டிவ் கேம்பரும், ஸ்பேசர் வைத்து வெளியே தள்ளிய சக்கரமும் சாதாரணக் காரில் தெரியாத சிறு விசையையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்துவிடும். ஸ்போர்ட்ஸ் காரின் இழுப்பைத் தேடும்போது டயரைக் கடைசியில் அல்ல, காற்றழுத்தம் பார்த்த கையோடு சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியென்றால் இந்தப் பெட்டி எதற்கு? சஸ்பென்ஷனைக் குற்றமற்றது என்று விடுவித்தது இதுதான். இது இல்லாமல் இருந்திருந்தால் டயர் கடையின் முடிவை நம்பி லோயர் ஆர்ம், சக்கரத்தின் அச்சைத் தாங்கும் நக்கிள் என்று ஒவ்வொன்றாக மாற்றியிருப்பேன், இழுப்பும் அப்படியே இருந்திருக்கும். அலைன்மென்ட் நிலையத்தின் தாளைக் கேள்வி கேட்கும் துணிவையும் இது தருகிறது. தாளில் இருக்கும் எண் டிகிரியின் தசமத்திலா, டிகிரியின் அறுபதில் ஒரு பங்கான மினிட்டிலா என்று பார்க்கப் பழகிக்கொண்டேன், 0.50 டிகிரி என்பது 50 மினிட் அல்ல, 30 மினிட். அந்தக் குழப்பத்தை எந்திரத்தின் முன்னால் நிற்பவர்களிடமே கண்டேன்.

டோ தகடுகள் பற்றிச் சுருக்கமாக. இரண்டு தகடுகளையும் சக்கரங்களில் சாய்த்து, முன்னும் பின்னும் நாடாவால் அளந்து கழித்துக்கொள்ளலாம். 600 மில்லிமீட்டர் நீளத்தில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏறத்தாழ 0.1 டிகிரி. தகடுகள் நேராக இருக்கின்றன, வெட்டு சுத்தம். நாடாக்கள்தான் மோசம்; முனையிலுள்ள கொக்கி அளவுக்கு மீறி ஆடுகிறது, ஆகவே நான் கொக்கியை விட்டு 100 மில்லிமீட்டர் கோட்டிலிருந்து அளக்கிறேன். தகடுகள் இரு சக்கரங்களின் மொத்த டோவை மட்டுமே சொல்லும், எந்தச் சக்கரம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு காரின் இருபுறமும் நூல் கட்டி அளக்க வேண்டும், நூல் பெட்டியில் இல்லை.

வாங்கலாமா என்று கேட்டால், அளப்பதற்கு வாங்கலாம், திருத்துவதற்கு யோசித்து வாங்குங்கள் என்பேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளைப் போல லோயர் ஆர்மிலேயே எக்சென்ட்ரிக் போல்ட் உள்ள கார்களில் கேம்பரையும் காஸ்டரையும் வீட்டிலேயே திருத்த முடியும், அந்தப் போல்ட் புஷ்ஷுக்குள் துருப்பிடித்து இறுகாமல் இருந்தால். மேல் கைக்குப் பதில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள பல கார்களில் தயாரிப்பாளர் அதற்கு வழியே வைத்திருக்கமாட்டார். அங்கே இந்த மானி குறையைக் காட்டும், தீர்க்க உதவாது. மின்சாரப் பவர் ஸ்டியரிங் உள்ள காரில் திருத்திய பிறகு ஸ்டியரிங் கோண சென்ஸாரைப் பூஜ்யமாக்க வேண்டிவரலாம், அதற்கு ஸ்கேன் கருவி வேண்டும்.

மானிக்கும் சட்டத்துக்கும் தகடுகளுக்கும் சேர்த்து 5-க்கு 3.5 கொடுக்கிறேன். அரை மதிப்பெண் நாடாக்களுக்காகவும், ஒரு மதிப்பெண் அந்தத் தாளுக்காகவும் விட்டுப்போன சுழல் தட்டுகளுக்காகவும் குறைத்தேன். கிரீஸ் தடவிய வினைல் ஓடுகள் நான்கும் இன்னும் பெட்டியின் மேலேயே இருக்கின்றன.